வெந்நீர் நகரின் உறவூர்களும் நமது கரையும்

இங்கிலாந்தின் பாத் நகரம் வெந்நீரால் வளர்ந்த ஊர். ஏறத்தாழ 46 பாகை செல்சியஸ் சூட்டில், நாளொன்றுக்குப் பத்து இலட்சம் லீற்றருக்கும் மேலான நீர் அங்கே மண்ணிலிருந்து பொங்குகிறது. உரோமர் அதைச் சுற்றிக் குளியல் மண்டபங்களும் கோயிலும் எழுப்பினர். 1987இல் அந்நகரம் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2021இல் ஐரோப்பாவின் பதினொரு பெரும் ஊற்று நகரங்களுள் ஒன்றாக மீண்டும் அப்பட்டியலில் சேர்ந்தது. வெந்நீரூற்று நமக்குப் புதிதல்ல. நமது அம்பாறை மாவட்டத்திலேயே மஹாஓயா இருக்கிறது. திருகோணமலைப் பக்கம் போனால் கன்னியாவின் ஏழு கிணறுகள். பாத்திடம் நாம் கற்க வேண்டியது அதன் உறவூர்களை, அதாவது அது தன் உறவாய் ஏற்ற பிறநாட்டு ஊர்களைப் பற்றியே.

1942 ஏப்ரலில் ஜேர்மன் விமானங்கள் பாத்தின் மீது குண்டு பொழிந்தன. நானூறுக்கும் அதிகமானோர் மாண்டனர். போர் ஓய்ந்த 1945இல், நெதர்லாந்தின் அல்க்மார் மக்கள் பசியாலும் வறுமையாலும் வாடியபோது, தம் இடிபாடுகளையே இன்னும் அகற்றி முடிக்காத பாத் மக்கள் உதவி திரட்டி அனுப்பினார்கள். இழந்தவர் இழந்தவருக்குக் கொடுத்த அந்தக் கொடையில் பிறந்த உறவு இன்றும் நிலைக்கிறது. அடுத்த உறவு இன்னும் கடினமானது. ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் 1944 அக்டோபர் 15இல் பிரித்தானிய விமானத் தாக்குதலில் எரிந்த நகரம். ஒன்றன்மீது ஒன்று குண்டு வீசிய இரு நாடுகளின் இந்த இரு நகரங்கள் 1971இல் கைகோத்துக்கொண்டன. பிற்காலத்தில் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்சும், ஹங்கேரியின் கபோஷ்வாரும், ஜப்பானின் வெந்நீர் நகரான பெப்புவும் சேர்ந்தன.

நாமும் இழந்தவர்களே. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையை நம்மால் மறக்க இயலாது. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். பல நாடுகள் நம் கரைக்கு உதவின. அந்த நன்றி நமக்கு என்றும் உண்டு. ஆனால் ஓர் ஊர் இன்னோர் ஊரைத் தன் உறவாய்க் கொள்வது, நாடு நாட்டுக்குத் தரும் உதவியிலிருந்து வேறானது. திட்டம் முடிந்தாலும் உறவு முடியாது.

இன்று நமக்குப் பெருங்கவலை கடலரிப்பு. ஒலுவில் துறைமுகம் வந்தபின் நமது நிந்தவூர்க் கரையும் கரைகிறது. தோணி இழுத்து வைக்கவும் கரைவலை இழுக்கவும் இடம் குறுகி வருகிறது. அல்க்மாருக்கு அண்மையிலுள்ள பெட்டன் கரையிலோ, பழைய கடலணையின் முன்னே 2015 வாக்கில் பெருமளவு மணலைக் கொட்டிப் புதிய கடற்கரையையே உருவாக்கியிருக்கிறார்கள். அவர்கள் கடலும் நம் கடலும் ஒன்றல்ல. அங்கு செய்ததை இங்கு அப்படியே செய்ய இயலாது. ஆயினும் கரையை இழந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசப் பல உண்டு. நிந்தவூர்ப் பிரதேச சபை அத்தகைய கடலோர ஊரொன்றுக்குக் கடிதம் எழுதட்டும். நம் மீனவர் சங்கமும் பாடசாலைகளும் அதில் கையொப்பமிடட்டும். எந்தக் காற்றில் எந்த நீரோட்டம் வருமென்று அறிந்த நம் கடலோடிகளின் பட்டறிவும் அதனோடு போகட்டும்.