இராமானுஜனின் குறிப்பேடுகள்

குறிப்பெடுத்தலின் அருமைக்குக் கணிதமேதை இராமானுஜனின் ஏடுகளே சான்று. அதில் நேரும் குறைக்கும் அவையே சான்று. காகிதச் செலவுக்கு அஞ்சிய அவர், கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் ஏட்டில் பொறித்தார். 1914-இல் இங்கிலாந்து சென்றார், 1920-இல் மறைந்தார். 1957-இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அவ்வேடுகளை உள்ளவாறே இரு தொகுதிகளாக வெளியிட்டனர். முடிவுகள் 3,000-க்கும் மேல். அவற்றை அடைந்த வழியோ பெரும்பாலும் எழுதப்பெறவில்லை. அவ்வழிகளைத் தேடி அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் 1977-இல் தொடங்கிய பணி, 1998-இல் ஐந்தாம் தொகுதியோடுதான் நிறைவெய்தியது.

சோழவரத்தில் என்னிடம் பயின்றோர் சிலரும் விடையை மட்டுமே எழுதுவர். "வழி எங்கே, தம்பி?" என்பேன். "இராமானுஜனும் எழுதவில்லையே, ஐயா" என்றான் ஒருவன். அவன் விடையும் தவறு.