ஒரு தேதியின் சரித்திரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள லூயிசியானா ராஜ்யம் 1898-ஆம் வருஷம் இயற்றிக்கொண்ட அரசியல் சாசனத்தின் 197-வது ஷரத்தை எத்தனை முறை படித்தாலும், கறுப்பர் வாக்குரிமையைப் பறிப்பதாக ஒரு சொல்லும் அதில் அகப்படாது. இனத்தைக் காரணம் காட்டி வாக்கை மறுக்கலாகாது என்று 1870-இலேயே தேசத்தின் சாசனம் விதித்துவிட்டபடியால், வேறு பாஷையில் எழுத வேண்டியிருந்தது.

அந்த ஷரத்தின்படி, வாக்காளனாகப் பதிய வருகிறவன் எழுதப் படிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். இன்றேல் 300 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். இரண்டும் இல்லாதவனும், 1867 ஜனவரி 1-ந் தேதியன்றோ அதற்கு முன்போ தான் வாக்குரிமை பெற்றிருந்தால், அல்லது அப்படிப் பெற்றிருந்தவனுக்கு மகனோ பேரனோ ஆனால், பதிந்துகொள்ளலாம். அந்த ராஜ்யத்துக் கறுப்பர் வாக்களிக்க வழி திறந்த சட்டம் பிறந்தது 1867 மார்ச்சில். இரண்டே மாத வித்தியாசம்! ஷரத்தின் உயிர் அந்தத் தேதியிலேதான் இருக்கிறது.

எழுத்தறிவைக் காட்டும் மனுவோ, பிறர் துணையும் குறிப்புச் சீட்டும் இல்லாமல், தன் வயதை வருஷம், மாதம், நாள் என்று கணக்கிட்டுக் கைப்பட எழுத வேண்டியது. அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதையே குற்றமாக்கி 1830-இல் சட்டம் செய்த ராஜ்யம், அந்த அடிமைகளாய்ப் பிறந்தவர்களிடமே இதைக் கேட்டது என்பதை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது.

சட்டத்தின் வாசகம் மறைத்ததை, அதை இயற்றிய சபையின் நடவடிக்கைக் குறிப்பு மறைக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸில் கூடிய அச்சபையின் தலைவர் கிரட்ஷ்னிட், வெள்ளையனை வாக்களிக்க விட்டுக் கறுப்பனைத் தடுப்பதற்கே வந்தோம் என்று தம் முடிவுரையில் பகிரங்கமாகவே பேசினார். அவ்வளவு துணிவு உடையவர்கள் தங்கள் சாசனத்தை ஜனங்களின் சம்மதத்துக்கு மட்டும் வைக்கவில்லை.

பாட்டன் பெற்றிருந்த உரிமையால் பேரனைப் பதியவிடும் இத்தகைய விதிக்குப் பாட்டனார் விதி என்று பெயர். ஓக்லஹோமா ராஜ்யம் இயற்றிய இதே மாதிரி விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 1915-இல். லூயிசியானாவின் விதியின்கீழ்ப் பதிந்துகொள்ளும் கெடுவோ 1898 செப்டம்பர் 1-ந் தேதிக்குள்ளேயே முடிந்து, அது வந்த காரியமும் நிறைவேறியிருந்தது. ஆகவே சட்டத்தையும் சபைக் குறிப்பையும் படித்தவர்கள், மூன்றாவதாக வாக்காளர் பதிவுக் கணக்கையும் புரட்டிப் பார்க்க வேண்டும். 1896-இல் பதிந்திருந்த கறுப்பர் 1,30,334 பேர். 1900-இல் 5,320 பேர். 1904-இல் 1,342 பேர்.