தண்டுத் தமிழ்ச் சபையும் அன்றாட வாழ்வின் ஒழுங்கும்

பெங்களூருத் தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகளின் வரலாறு பெரும்பாலும் ஆலயங்கள் கட்டப்பட்ட ஆண்டுகளாகவும் மிஷனரிமாரின் வாழ்க்கைக் குறிப்புகளாகவுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. வேதாகமத்தைத் தேவவசனமாக ஏற்று, வீட்டையும் தொழிலையும் சபையையும் அதன்படியே நடத்த வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற விசுவாச மரபு இங்கே எப்படி வேரூன்றியது என்பதை அந்த வரலாறு அதிகம் கேட்பதில்லை. மிஷனரிகள் வகுத்த விதிகளைவிட, தமிழ்ப் போதகரின் கீழ் உறுப்பினர்கள் ஒருவர் வாழ்க்கைக்கு ஒருவர் பொறுப்பேற்ற சபை அமைப்பே அந்த மரபை வளர்த்தது என்பது என் வாதம். அந்தப் பொறுப்பு தளரத் தளர, விசுவாசத்தை வாழ்வாக்குவது தனிமனித ஒழுக்கப் பட்டியலாகச் சுருங்கிப் போயிற்று.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கே தங்கிய கம்பெனிப் படை காய்ச்சலால் அவதிப்பட்டு, 1809இல் அல்சூர் ஏரிப் பக்கம் இடம் மாறியது. சென்னைப் படையோடு சிப்பாய், சமையற்காரர், குதிரைக்காரர், தையற்காரர், சரக்கு ஒப்பந்தக்காரர் எனப் பல தமிழ்க் குடும்பங்கள் வந்து ‘தண்டு’ என்று அழைக்கப்பட்ட பகுதியில் குடியேறின. ஊர்ப் பஞ்சாயத்தும் உற்றார் உறவும் தொலைவில் இருந்தன. 1820இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த லெய்ட்லரும் ஃபோர்ப்ஸும் இங்கு வந்தார்கள். 1795இல் தொடங்கிய அந்த மிஷன், அடுத்த ஆண்டிலேயே ஓர் அடிப்படைக் கொள்கையை எழுதி வைத்திருந்தது: எந்தச் சபைப் பிரிவின் ஆட்சிமுறையையும் நாங்கள் கொண்டுபோவதில்லை, தங்களுக்கு ஏற்ற முறையை மனந்திரும்பியவர்களே தீர்மானிக்கட்டும் என்பதே அதன் சாரம். நடைமுறையில் மிஷனரிகளில் பெரும்பாலோர் காங்கிரிகேஷனல் மரபினர். ஆகவே உறுப்பினர் கூட்டமே சபையின் முடிவுகளை எடுக்கும் வழக்கம் இங்கும் வந்தது. 1822இல் சாமுவேல் ஃப்ளேவல் என்ற தமிழர் பெங்களூரில் குருப்பட்டம் பெற்றார். தரங்கம்பாடியில் ஆரோன் 1733இலேயே பட்டம் பெற்றுவிட்டார் என்றாலும், திருநெல்வேலிச் சர்ச் மிஷன் பகுதியில் ஜான் தேவசகாயத்துக்கு அது 1830இல்தான் கிடைத்தது. தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு படைமுகாமில், அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே ஒரு தமிழர் போதகராக நின்றது எளிதில் கடந்துபோகும் செய்தி அல்ல.

இத்தகைய சபையில் ஞானஸ்நானம் பெற்றதனால் மட்டும் ஒருவருக்குத் திருவிருந்தில் இடம் கிடைத்துவிடாது. அவருடைய விசுவாச அறிக்கையைப் போலவே நடத்தையும் விசாரிக்கப்படும். கடன், குடி, மனைவியை நடத்தும் விதம், ஓய்வுநாளில் கடை திறப்பது எல்லாமே சபையின் காரியங்கள். தவறியவர் திருவிருந்திலிருந்து விலக்கப்படலாம், மனந்திரும்பினால் திரும்பச் சேர்க்கப்படலாம். இது வெள்ளைக்காரப் பியூரிட்டன் ஒழுங்கின் நகல்தானே என்று கேட்கலாம். மூலம் அங்கிருந்து வந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் விசாரித்தவரும் விசாரிக்கப்பட்டவரும் ஒரே தெருவில் ஒரே மொழி பேசி வாழ்ந்தவர்கள். எது கிறிஸ்தவ நடத்தை என்பதை ஒவ்வொரு வழக்கிலும் அவர்களே பேசி முடிவு செய்ய வேண்டியிருந்தது. நகல் எடுப்பவனுக்கு இந்தப் பாடு கிடையாது.

ஃப்ளேவல் 1827இல் பெல்லாரிக்குச் சென்று, 1847இல் இறக்கும்வரை அங்கே ஊழியம் செய்தார். அதே பெல்லாரியில் அதே காலத்தில் வாழ்ந்தவர் மாத்யூ ஆபிரகாம். பறையர் குலத்தில் வந்த தமிழ்க் கிறிஸ்தவர். 1820இல் சார்லட் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலோ-இந்தியப் பெண்ணை மணந்து, சாராய வடிப்புத் தொழிலில் செல்வம் சேர்த்தவர். 1842இல் அவர் இறந்தபின் சொத்து குறித்து மனைவிக்கும் தம்பி பிரான்சிஸுக்கும் மூண்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1863இல் முடிந்தது. அதன் சாட்சியங்களே நம் ஆய்வுக்குப் பெரிய கொடை. இந்தக் குடும்பம் எப்படி உடுத்தியது, மேசையில் எதை, எப்படிச் சாப்பிட்டது, யாரோடு பழகியது என்று சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். மதம் மாறியவர் பழைய சட்டத்தைத் துறக்கலாம், விரும்பினால் அதிலேயே நீடிக்கலாம், அவர் நடந்துகொண்ட விதமே அதைக் காட்டும் என்று கவுன்சில் தீர்ப்பளித்தது. சபை திருவிருந்துக்காகக் கேட்டதை நீதிமன்றம் சொத்துக்காகக் கேட்டது. இரண்டுமே விடையைத் தேடியது அன்றாட வாழ்வில்தான். சாராயத் தொழில் கிறிஸ்தவனுக்கு ஆகுமா என்ற கேள்வி மட்டும் அந்த நீதிமன்றத்தில் எழவில்லை. அது சபை கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

உடையையும் குடியையும்விடக் கடினமான சோதனை பந்தியில் இருந்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சாவூரில் கடும் எதிர்ப்பு எழுந்தது. மேல்சாதிக் கிறிஸ்தவர்களின் வழக்கங்களைக் காக்க வாதாடியவர்களில் பெரும் புலவரான வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். 1850இல் கூடிய சென்னை மிஷனரி மாநாடு, எந்தக் குலத்துக் கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து சாப்பிடத் தயாரா என்பதையே அளவுகோலாக வைத்தது. லைப்சிக் மிஷன் அதில் சேர மறுத்தது. சாதி சமூக வழக்கம்தான், போதனையால் அது மெல்ல மறையட்டும் என்பது அவர்கள் நிலை. கட்டாயத்தால் மனம் மாறாது என்ற அளவில் அதில் உண்மை உண்டு. ஆனால் வேதத்தை வாழ்வின் இறுதி அதிகாரம் என்று ஏற்பவர் இதை மட்டும் காலத்திடம் விட்டுவிடுவது எப்படிச் சரியாகும்? அப்போஸ்தலர் பவுல் அந்தியோகியாவில் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்ததும் யாரோடு சாப்பிடுவது என்ற காரியத்தில்தான் என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. பழைமைவாத விசுவாசம் தன் சொந்த நூலைப் பின்பற்றினாலே மேல்சாதி வழக்கத்தோடு மோத வேண்டியிருந்தது.

1908இல் காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபையாயின. 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சபைகளும் சேர, தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பிரிவினைகளைக் கடந்த அந்த ஒற்றுமையின் மதிப்பு குறைவானதல்ல. ஆனாலும் ஒருவர் வாழ்வை ஒருவர் விசாரித்த உறுப்பினர் கூட்டத்தின் இடத்தைச் சேகரக் கமிட்டியும் பேராய மன்றமும் எடுத்துக்கொண்டன. போதகரை மாற்றும் அதிகாரம் பேராயரிடம் போயிற்று. கமிட்டித் தேர்தலில் வாக்களிக்கும் உறுப்பினருக்குப் பக்கத்துப் பெஞ்சுக்காரரின் கடனோ குடும்பச் சண்டையோ தெரிய வேண்டியதில்லை. தேர்தல் தகராறுகள் நீதிமன்றப் படியேறுவதும் இன்று வழக்கமான செய்தியாகிவிட்டது.

பழைய கண்காணிப்பு பெண்கள்மீதும் ஏழைகள்மீதும்தானே அதிகம் விழுந்திருக்கும் என்ற ஆட்சேபம் வலுவானது. பேச உரிமையுள்ளவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருந்த கூட்டத்தில் அப்படி நடக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. ஆனால் விசாரணை நின்றதனால் அந்தச் சுமை நீங்கிவிடவில்லை. இன்று பெங்களூரில் பெருகியிருக்கும் சுயாதீன சபைகள் பலவற்றில் பெண்ணின் நகையும் உடையும் பிரசங்கத்தில் கண்டிக்கப்படுகின்றன. ஆண் தன் வேலையாளுக்குக் கொடுக்கும் கூலியைப் பற்றிய பேச்சு அதே மேடையில் அரிதாகவே கேட்கிறது. குடும்ப ஜெபமும் தசமபாகமும் தவறாத வீடுகளிலிருந்தே, சபைப் பெயரோடு சாதிப் பெயரையும் சேர்த்து வரன் தேடும் விளம்பரங்கள் வருகின்றன. 1850இன் அளவுகோல் இன்றைக்குப் பொருந்தும் இடம் பந்தியல்ல, அந்த விளம்பரம். எந்தப் பேராயரின் சுற்றறிக்கையும் அதுவரை எட்டாது. அந்த வீட்டாரோடு ஒரே திருவிருந்தில் பங்குபெறும் உறுப்பினர்களுக்கு மட்டுமே அதைப் பற்றிக் கேட்கும் உரிமை இருக்கிறது.