பரங்கிப்பேட்டைப் போரும் நாமும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் குடிகாட்டையும் சிப்காட் ஆலைகளையும் கடந்து தெற்கே போகிறவர்களில், ஒரு பழைய போர்க்களத்தின் ஓரமாகச் செல்கிறோம் என்று எண்ணுவோர் மிகச் சிலரே. 1781ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் மைசூர் ஹைதர் அலியின் படையும் இந்தக் கடலோரத்தில்தான் மோதின. பாடநூலில் அது இரண்டாம் மைசூர்ப் போர் என்னும் தலைப்பின்கீழ் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. மாணவன் ஆண்டை மனப்பாடம் செய்கிறான். அந்த வரியில் இருப்பது தன் ஊர்ப்பக்கம் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

1780 ஜூலையில் ஆற்காட்டு நவாபின் நாட்டுக்குள் இறங்கிய ஹைதர், செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார். பின்னர் ஆற்காடும் வீழ்ந்தது. வங்காளத்திலிருந்து கடல்வழியே விரைந்து வந்தவர் சர் அயர் கூட். 1781 ஜூன் 18 அன்று அவர் சிதம்பரம் கோவிலைத் தாக்கினார். அதன் மதில்களை அரணாகக் கொண்டு ஹைதரின் காவற்படை நின்றது. கூட் இழப்புகளோடு பின்வாங்க நேர்ந்தது. (கோவிலைக் கோட்டையாக்கியதில் ஹைதர் முதல்வர் அல்லர், அவருக்கு முன்னரே பிரெஞ்சுக்காரர் அதைச் செய்திருந்தனர்.) ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டைக்கு அருகே நடந்த பெரும்போரில் நிலைமை தலைகீழாயிற்று. கூட்டிடம் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர். ஹைதரிடம் அதைப்போல் பன்மடங்கு. ஆயினும் நிலத்தில் பீரங்கிகளும் கடலில் ஆங்கிலேயக் கப்பலும் சுட, ஹைதர் பின்வாங்கினார். நிலத்தில் ஆங்கிலேயரை வாட்டலாம், கடலை வற்றச் செய்வதற்கில்லை என்று அவர் கருதியதாக ஒரு செய்தி வழங்குகிறது. உண்மையில் அந்தப் போரின் சூட்சுமம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

கடலுக்கு விடை தேடித்தான் அவர் பிரெஞ்சுக்காரரை நாடினார். 1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று; ஜூலையில் தளபதி சுப்ரேன் பாகூரில் ஹைதரைச் சந்தித்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஹைதர் இறந்தார். அடுத்த ஜூன் மாதம் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டுவிட்ட செய்தி வந்தது. பிரெஞ்சுக்காரர் போரை நிறுத்திக்கொண்டனர். திப்பு தனியே விடப்பட்டார். ஓர் அந்நியரை விரட்ட மற்றோர் அந்நியரை நம்பியதன் பலன் அது.

இவ்வரலாற்றை வாசிக்கும்போது கத்தோலிக்கர் நமக்கு உள்ளூர ஒரு தயக்கம் எழுவதை மறைக்க வேண்டியதில்லை. போர்த்துக்கீசியர் 'போர்ட்டோ நோவோ' என்றும், முஸ்லிம்கள் 'மஹ்மூது பந்தர்' என்றும் அழைத்த துறைமுகத்துக்குத் தமிழில் பரங்கிப்பேட்டை என்றே பெயர் நிலைத்தது. அந்தப் 'பரங்கி' என்னும் சொல் நம்மையும் சுட்டிய காலம் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தெ நொபிலி, தாம் பரங்கி அல்லர் என்று நிலைநாட்டவே பெரும்பாடுபட்டார். எனவே, பரங்கியரை எதிர்த்தவர்களின் கதை சொல்லப்படும்போது, நாம் எந்தப் பக்கத்தில் வைக்கப்படுகிறோம் என்ற ஐயம் எட்டிப் பார்க்கிறது.

வேறொரு நினைவும் உண்டு. 1784இல் மங்களூர்க் கடற்கரைக் கத்தோலிக்கர் பல்லாயிரவரை, ஆங்கிலேயருக்குத் துணைபோனார்கள் என்ற குற்றச்சாட்டின்பேரில், திப்பு சிறைப்பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசென்றார். 1799இல் அவர் வீழ்ந்தபின் அங்கே எஞ்சிய விசுவாசிகளிடையே பணியாற்றச் சென்றவர் புதுவை மிஷனோடு தொடர்புடைய ஆபே துபுவா குருவானவர். நம் வட்டாரங்களில் பேசப்படுவது பெரும்பாலும் இதுதான். சிதம்பரம் மதிலில் நின்றவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. வேறு மேடைகளில் மதில் இருக்கும், மங்களூர் இராது. இரண்டையும் ஒருசேரச் சொல்லும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். அதோடு, ஆற்காட்டு நவாப் முகமது அலி முஸ்லிமாயிருந்தும் கம்பெனியின் பக்கமே நின்றார் என்பதையும், சென்னையைச் சுற்றிய கிராமங்களை ஹைதரின் குதிரைப்படை எரித்ததையும், அதன்பின் வந்த பஞ்சத்தையும் விட்டுவிடலாகாது. பசியால் மாண்ட உழவனுக்கும் நெசவாளிக்கும் வென்றவர் யார் என்பது பெரிதன்று.

ஆய்வுக்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. மைசூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ் 1810 முதல் 1817 வரை வெளியிட்ட வரலாறு வென்றவர் தரப்பில் நின்று எழுதப்பட்டது. நெடுங்காலம் நம் பாடநூல்களில் அந்தக் குரலே ஒலித்தது. மைசூர் அரசவையைச் சேர்ந்த கிர்மானி பாரசீகத்தில் எழுதியது மறுதரப்பு. இவ்விரண்டுக்கும் அப்பால், புதுச்சேரியில் வாழ்ந்த இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. தமிழிலேயே எழுதப்பட்டு, 1992இல் அச்சேறிய நூல் அது. போர் நடந்த ஆண்டுகளில், போர் நடந்த கரைக்கு அருகிலிருந்து, நம் மொழியில் ஒருவர் எழுதியதை விட்டுவிட்டு, ஆங்கில நூல்களின் சுருக்கத்தையே பிள்ளைகளுக்கு ஊட்டுவது என்ன நியாயம்?

நம் மறைமாவட்டப் பள்ளிகளில் வரலாறு கற்பிப்போர், இந்த மூன்றிலிருந்தும் ஒவ்வொரு பக்கம் எடுத்து வகுப்பில் ஒருநாள் வாசித்துக் காட்டலாம். அதன்பின் சிதம்பரம் மதிலிலிருந்து பரங்கிப்பேட்டை வழியாகக் கடலூர் பழைய பட்டணம்வரை பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துச் செல்லலாம். ஒரே பகலில் போய்வரக்கூடிய தொலைவுதான்.