பாட்டில் வாழ்ந்த மொழி



வரலாற்றைக் கண்ணால் படிக்கும் பழக்கமே நம்மிடம் மிகுதி. காதாலும் அதைக் கற்கலாம் என்பதை ஓர் இசைத்தட்டினால் அறிந்தேன். ஸ்காட்லாந்தின் மேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள பாரா என்னும் சிறு தீவின் பெண்கள் பாடிய பாடல்கள் அதில் உள்ளன. மொழி கேலிக்; கெல்டிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது; அயர்லாந்து மொழிக்கு நெருங்கிய உறவு.

குழலும் இல்லை, யாழும் இல்லை. பலகைமேல் ஈரத்துணி விழும் 'தொம், தொம்' என்னும் ஒலி ஒன்றே தாளம். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னர் அதன் காரணத்தைப் படித்தறிந்தேன்.

தறியில் நெய்த கம்பளித் துணி தளர்ந்திருக்கும், குளிர்காற்றைத் தடுக்காது. ஆகவே நாட்பட்ட சிறுநீரில் அதனை நனைத்து, நீண்ட பலகையைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்து, கைமாற்றிக் கைமாற்றி அடிப்பார்கள். துணி சுருங்கித் தடிக்கும். அலுப்புத் தெரியாதிருக்க ஒருத்தி அடியெடுத்துப் பாடுவாள்; மற்றையோர் பொருளற்ற அசைகளால் பல்லவி பாடுவர். காதலும் ஒப்பாரியும் குலப்பெருமையும் அப்பாடல்களில் உண்டு. சில 17-ஆம் நூற்றாண்டையும் எட்டும் பழமையுடையவை. ஏட்டில் இடம்பெறாத பெண்களின் வரலாறு, வாய்வழியே இவ்வாறு வாழ்ந்தது.

ஆனால் அம்மக்கள் பட்ட துன்பமோ பெரிது. 1746-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், கலோடன் போர்க்களத்தில் ஒரு மணி நேரத்திற்குள் மலைநாட்டுக் குலங்களின் வலிமை முறிந்தது. பின்னர் நிலவுடைமையாளர்கள் ஆடு வளர்ப்பதற்காகக் குடிகளை வெளியேற்றினர். 1851-இல் பாரா, தென் உயிஸ்ட் தீவுகளிலிருந்து ஆயிரத்திற்கு மேற்பட்டோர் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1872-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அழைத்தது. அவர்களுடைய மொழிக்கு மட்டும் இடமளிக்கவில்லை. கேலிக் பேசியதற்காகப் பிள்ளைகள் தண்டனை பெற்றதும் உண்டு. 1891-இல் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பேர் பேசிய மொழியை, 2011-இல் சுமார் 57,000 பேரே பேசினர்.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இளமையில் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஆங்கிலம் தவிர்த்துத் தமிழ் பேசும் மாணவனுக்கு அபராதம் உண்டு. அபராத ஏடு என் கையில் இருந்தது. பலமுறை பிடிபட்ட சிறுவன் ஒருவன் சில வாரங்களில் பேசுவதையே நிறுத்திவிட்டான். அவன் ஒழுங்கு கற்றுக்கொண்டான் என்று எண்ணி நான் மகிழ்ந்தேன். 1872-இன் கதையைப் படித்த அன்று அச்சிறுவனின் முகமே நினைவுக்கு வந்தது. மொழி இறப்பது போர்க்களத்தில் மட்டுமன்று, வகுப்பறையிலும் இறக்கும். அதனைக் கொல்லும் கை, நல்ல எண்ணமுடைய ஆசிரியரின் கையாகவும் இருக்கலாம்.

எனினும் அப்பாடல்கள் பிழைத்தன. 1930-களில் ஜான் லார்ன் கேம்பல் என்பார் ஒலிப்பதிவுக் கருவியோடு தீவுகளிற் சென்று பாடல்களைத் திரட்டினார். அமெரிக்கப் பெண்மணியாகிய மார்கரெட் ஃபே ஷா, தென் உயிஸ்டில் 1929 முதல் ஆறாண்டுகள் சகோதரிகள் இருவரின் வீட்டில் தங்கி, அவர்கள் பாடியவற்றை எழுதிக்கொண்டார்; 1935-இல் கேம்பலை மணந்தார். எடின்பரோப் பல்கலைக்கழகம் 1951-இல் இதற்கெனத் தனி ஆய்வு நிலையமே நிறுவியது. நான் கேட்ட இசைத்தட்டு அந்நிலையத்தின் பதிவுகளிலிருந்து பிறந்ததே. துணியடிக்கும் வேலையை ஆலைகள் ஏற்றுக்கொண்டபின், பழகிய முதிய பெண்கள் பதிவுக்காக மீண்டும் பலகையைச் சுற்றி அமர்ந்தார்கள். வேலை மறைந்தது, பாட்டு நின்றது. 2005-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கேலிக் மொழிக்கெனச் சட்டம் இயற்றியது.

மாணவர்களே, பாதுகாத்தவர்கள் முதலில் செய்தது என்ன? முதியோர் அருகில் அமர்ந்து, பொறுமையோடு கேட்டதே. உங்கள் இல்லத்திலும் பாட்டியார் ஒருவர் இருப்பார். நாற்று நட்டபோதும் நெல் குற்றியபோதும் பாடியவை அவருக்கு நினைவிருக்கலாம். இன்றே சென்று கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். நாளை என்பது நம் கையில் இல்லை.