அளந்து கொடுத்த உழைப்பு

நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதோ சாப்பிட்ட கையோடு நடக்கும்போதோ நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வலியைப் பற்றி 1768-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் விவரித்தார். நின்றதும் அந்த வலி மறைந்துவிடுகிறது என்பதையும் அவர் குறித்து வைத்தார். இந்த இதய நோயைக் கண்டறிவதில் இருந்த சங்கடம் முழுவதும் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. மருத்துவர் முன்னால் வந்து உட்காரும் நோயாளிக்கு அந்த நேரத்தில் நோயின் அடையாளமே இருக்காது. நோயாளியை நடக்கவைத்து அந்த அடையாளத்தை வரவழைப்பதுதான் நம் ஊரில் டி.எம்.டி. என்று அழைக்கப்படும் ட்ரெட்மில் சோதனை. அதன் கதையை இ.சி.ஜி. கருவியின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். உழைப்பை அளந்து கொடுக்கக் கற்றுக்கொண்டதுதான் அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்பது என் கருத்து.

இ.சி.ஜி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. உடற்பயிற்சியால் வலி வரும்போது அதன் கோடுகள் மாறுவதை 1928-இல் ஃபீல், சீகல் என்ற அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆனால் எவ்வளவு பயிற்சி என்பதற்கு அப்போது பொதுவான அளவு கிடையாது. மிசால் என்பவர் 1938-இல் வலி வரும்வரை நோயாளிகளை மாடிப்படிகளில் ஓடவிட்டார். ஒருவரின் பதிவை இன்னொருவரின் பதிவோடு எப்படி ஒப்பிடுவது? இதற்கு விடை, இ.சி.ஜி.யே இல்லாத ஒரு சோதனையில் ஏற்கெனவே இருந்தது. நியூயார்க்கில் ஆர்தர் மாஸ்டர் 1929-இல் வகுத்த முறையில், 9 அங்குல உயரப் படிகள் இரண்டின் மேல் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். நேரம் ஒன்றரை நிமிடம். எத்தனை முறை ஏறி இறங்குவது என்பதை வயது, எடை, பால் ஆகியவற்றைப் பார்த்து அட்டவணை சொல்லும். அவர் முதலில் பார்த்தது நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் மட்டுமே. இ.சி.ஜி. 1940-களில்தான் சேர்ந்தது. அளவு முன்பே நிலைபெற்றிருந்ததால்தான் அந்தக் கோடுகளுக்கும் பொருள் கிடைத்தது.

மாஸ்டரின் அட்டவணைக்கும் குறை உண்டு. ஒரே வயதும் எடையும் உள்ள இருவரில் ஒருவருக்கு அந்த அளவு போதாது, மற்றவருக்குத் தாங்காது. சியாட்டிலில் ராபர்ட் ப்ரூஸ் அந்த அளவையே படிப்படியாக ஏற்றினார். அவருடைய 1963-ஆம் ஆண்டு முறைப்படி, மணிக்கு 1.7 மைல் வேகம், 10 சதவீதச் சரிவு என்று ட்ரெட்மில் தொடங்கும். 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். நடக்க நடக்கவே இ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும், ஆபத்தின் அறிகுறி தெரிந்தால் நிறுத்திவிடலாம். எந்த நிமிடத்தில் நிறுத்த நேர்ந்தது என்பதே ஓர் அளவாகிவிட்டது.

இதய நோயாளியைக் களைக்கவைப்பது ஆபத்தில்லையா என்ற அச்சம் நியாயமானது. 73 மையங்களில் நடந்த சுமார் 1,70,000 சோதனைகளை ஆராய்ந்து 1971-இல் வந்த அறிக்கை 16 மரணங்களைக் கணக்கிட்டது: ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒன்று. மருத்துவர் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும் என்பதற்கு இந்த எண்ணே போதும். சோதனையைக் கைவிடச் சொல்லும் எண் அல்ல. இதைவிடக் கடுமையான ஆட்சேபம் துல்லியத்தைப் பற்றியது. 147 ஆய்வுகளைத் தொகுத்த 1989-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ள 100 பேரில் சுமார் 68 பேரையே இ.சி.ஜி. மாற்றம் காட்டிக்கொடுத்தது, அடைப்பு இல்லாதவர்களிலும் 100-க்கு 23 பேருக்கு இருப்பதாகக் காட்டியது. இதய நோய் இருப்பது முன்பே தெரியாதவர்களுக்கு நோயைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2010-இல் சொன்னது. அடைப்பு இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வியானால் அந்த முடிவை நான் மறுக்க மாட்டேன். ஆனால் இந்த இதயம் எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்பது வேறு கேள்வி. இந்தச் சோதனைக்கு அனுப்பப்பட்ட 6,213 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியான ஆய்வில், யார் நீண்டநாள் வாழ்வார் என்பதை மற்ற எல்லா அளவுகளையும்விட நன்றாகச் சொன்னது அவர்களுடைய உழைப்புத் திறன்தான். டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1987-இல் வகுத்த மதிப்பெண்ணும் ப்ரூஸ் முறையில் நடந்த நிமிடங்களிலிருந்தே தொடங்குகிறது; இ.சி.ஜி.யின் எஸ்.டி. பகுதி விலகிய ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 5, நெஞ்சுவலிக்கு 4 அல்லது 8 என்று அதிலிருந்து கழித்துக்கொண்டு போகிறது.