கம்பி முனையில் ஒரு பூஜ்யம்

1938 மார்ச்சில் நேப்பிள்ஸ் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எத்தோரே மயோரானா கப்பலேறினார். அதன்பின் என்ன ஆனார் என்பது இன்றுவரை புதிர். வயது 31தான். அதற்கு முந்தைய வருடம்தான், தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கும் துகள் சாத்தியம் என்று எழுதியிருந்தார். ஆளும் கிடைக்கவில்லை, துகளும் கிடைக்கவில்லை!

2001ல் அலெக்ஸி கிதாயெவ் அதே கணிதத்தை மீக்கடத்தி ஒன்றுக்குள் பார்த்தார். மெல்லிய கம்பியில் ஓர் எலக்ட்ரான் நிலை இரண்டு பாதியாகப் பிரிந்து இரு முனைகளிலும் உட்கார்ந்துகொள்ளும். ஆற்றல் பூஜ்யம். ஒரு முனையில் நடக்கும் தொந்தரவு முழு நிலையையும் கலைக்க முடியாது என்பதால் குவாண்டம் கணினிக்குத் தோதான இடம். சின்னச் சின்ன மாசுகளையும் தாங்கும். ஆனால் மாசு மிஞ்சினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

2012ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் லியோ கவுவென்ஹோவன் குழு இண்டியம் ஆன்டிமனைடு நானோ கம்பியில், காந்தப்புலத்துக்குள், சரியாகப் பூஜ்ய வோல்ட்டில் மின்கடத்தல் மேடு ஒன்றைக் கண்டது. உலகமே பரபரப்பானது.

அதே 2012ல் கோட்பாட்டாளர்கள் சிலர் ஒரு சங்கடத்தைச் சொன்னார்கள். நிஜக் கம்பி சீராக இருக்காது. முனையில் மின்னழுத்தம் மெதுவாக மாறினாலே போதும், அந்த ஒரே முனையில் இரண்டு பாதிகளும் அருகருகே அமர்ந்து ஏறக்குறைய பூஜ்ய ஆற்றலைக் காட்டும். மாசும் இதே மாதிரி மேட்டை உண்டாக்கும். இருப்பாய்வு சமமாக வந்தாலும் கணக்கில் பிழை இருக்கலாமே, அதுபோலத்தான். ஒரு முனையை மட்டும் அளந்தால் அசலும் போலியும் ஒன்றுபோலத் தெரியும். போலிக்கோ அந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்த எச்சரிக்கைக்கு அப்போதே இன்னும் காது கொடுத்திருக்கலாம்.

2018ல் அதே குழு, மேட்டின் உயரம் கோட்பாடு சொன்ன மதிப்பிலேயே நிற்கிறது என்று நேச்சர் இதழில் அறிவித்தது. முதல் சோதனையைச் செய்தவர்களில் இருவரான செர்கேய் ஃப்ரோலோவும் வின்சென்ட் மௌரிக்கும் மூலத் தரவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். வரைபடங்களில் சில பகுதிகள் விடுபட்டிருந்தன. 2021 மார்ச்சில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தரவு புனையப்படவில்லை, உற்சாகத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள் என்றது ஆராய்ந்த நிபுணர் குழு.

டெல்ஃப்டில் வேறொரு வழியும் பிறந்தது. நீளக் கம்பியோடு மல்லுக்கட்டாமல், இரண்டே குவாண்டம் புள்ளிகளை இணைத்து கிதாயெவின் சங்கிலியைக் குட்டியாகக் கட்டி 2023ல் வெளியிட்டார்கள். இதற்கு 'ஏழையின் மயோரானா' என்று பெயர். பாதுகாப்பும் ஏழைக்கு ஏற்ற அளவுதான்.

2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் 'மயோரானா 1' சில்லை அறிவித்தது. கூடவே நேச்சரில் வந்த கட்டுரையின் மதிப்பாய்வுக் கோப்பில், இந்த முடிவுகள் மயோரானா நிலைகள் இருப்பதற்கான சான்று அல்ல என்று பதிப்பாசிரியர்களே குறித்திருந்தார்கள்.